வெண்பாலினுள் ஒரு செம்புரதம்

பால் வெண்ணிறமானது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் அவ்வெண்பாலினுள்ளே செந்நிறமான புரதம் ஒன்று கரந்து உறைகின்றது என்று கூறினால், நம்மிற் பலர் வியப்படைவர். பாலிலுள்ள கொழுப்பையும் திரளும் பகுதியையும் நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிநீரிலிருந்து அப்புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தால், அது இளஞ்சிவப்பாகத் தோன்றும். அச்சிவப்புக்குக் காரணம் இரும்பு. பாலையும் இரும்பையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை இணைத்து, அறிவியலார் இதற்கு இலற்றோபெரின் என்று பெயரிட்டனர். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இப்புரதம் காவலாக நிற்கின்றது என்னும் செய்தி அண்மைக் காலத்திலே பலவிடத்தும் பேசப்படுகின்றது. அச்செய்தியில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதலிற் கூறிவிடுகின்றேன். சில காலத்துக்கு முன்னர், கண்டி நகரிலுள்ள மருந்துக் கடையொன்றிலே, என்னிடம் விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவர் ஒருவரைக் காண நேர்ந்தது. அவர் அப்பொழுதுதான் தந்தையாகியிருந்தார். குழந்தை எடை குறைந்து பிறந்திருந்தது. அவர் கையிலே வெளிநாட்டுப் பால்மாப் பேணி ஒன்று இருந்தது. அதன் விலை, தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் அவர் மனைவியின் சில நாட் கூலிக்கு ஒப்பானது. "சேர், இதிலே மூளையை வளர்க்கிற புரதம் இருக்கிறதாம். வாங்கிக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் குறை வந்துவிடுமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை பகர என்னால் இயலவில்லை. அன்று கடைவாயிலில் நின்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கின்றேன்.

புரதத்தின் வரலாறு

இரசாயனம் கற்கும் மாணவர் அனைவரும் அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவுத்திட்டத்தை அறிவர். 1909 ஆம் ஆண்டிலே அதனை வகுத்தவர் தென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்கேகனில், காள்சுபேக்கு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சோரன்சென் என்னும் பேரறிஞர். அவரும் அவர் துணைவியாரும் பசுப்பாலின் தெளிநீரை ஆராய்ந்தபோது கண்ட செந்நிறப் புரதத்தைப் பற்றிய குறிப்பு 1939 இல் வெளிவந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனைப் பற்றிப் பெரிதும் பேசுவாரில்லை. 1960 ஆம் ஆண்டிலே ஐரோப்பிய அறிஞர் சிலர் தாய்ப்பாலிலிருந்தும், அமெரிக்க அறிஞராகிய குரோவிசு பசுப்பாலிலிருந்தும் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அந்நாள் முதல் அதனைப் பற்றிய ஆராய்ச்சி பெருகலாயிற்று.

இலற்றோபெரின் ஏறத்தாழ எழுநூறு அமினோவமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அது மடிந்து சுருண்டு இரு கைகளையுடைய உருவத்தைப் பெறுகின்றது. ஒவ்வொரு கையும் ஓர் இரும்பணுவை இறுகப் பற்றவல்லது. பாலில் மட்டுமன்றிக் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் குருதியின் வெண்கலங்களிலும் இப்புரதம் காணப்படுகின்றது. பகைவன் புகக்கூடிய வாயில்கள் தோறும் காவலாள் நிறுத்தப்பட்டிருத்தல் போன்றது இவ்வமைப்பு.

காவல் எவ்வாறு நிகழ்கின்றது? நோய் விளைக்கும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை பெருகுவதற்கு இரும்பை வேண்டுவன. இலற்றோபெரின் அவ்விரும்பை முன்னரே பற்றிக்கொள்வதால், அவை உணவின்றி வாடுகின்றன. இஃது ஒரு முறை. அன்றியும், இப்புரதம் சில பற்றீரியாக்களின் மேலுறையை நேரே தாக்கிச் சிதைக்கவும் வல்லது. மூன்றாவதாக, உடலில் மூளும் அழற்சியைத் தணிக்கும் இயல்பும் அதற்கு உண்டு. குழந்தையின் மூளையைப் பற்றிப் பேசுமிடத்து இம்மூன்றாவது இயல்பே மிக முதன்மையானது.

அளவு பற்றியும் இங்கே சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற முதற் சில நாள்களிற் சுரக்கும் மஞ்சள் கலந்த சீம்பாலிலே ஓர் இலீற்றருக்கு 5 கிராம் அளவிலோ அதற்கு மேலாகவோ இலற்றோபெரின் உண்டு. பின்னர்ச் சுரக்கும் முதிர்ந்த தாய்ப்பாலில் அது 2 கிராம் அளவுக்குக் குறைகின்றது. நாம் கடையில் வாங்கும் சாதாரண பசுப்பாலிலோ ஓர் இலீற்றருக்கு ஒரு கிராமிற் பத்திலொரு பங்கு அளவே உண்டு. தாய்ப்பாலுக்கும் பசுப்பாலுக்கும் இடையே இப்பொருளைப் பொறுத்தவரையில் இருபது மடங்கு வேறுபாடு இருத்தலைக் காண்க. மேலும், வெப்பம் இப்புரதத்தின் உருவத்தைக் குலைத்துவிடும். கொதித்த பாலில் அது தன் பழைய வலிமையோடு இராது.

மூளையும் இரும்பும்

இனிக் குழந்தையின் மூளையை நோக்குவோம். பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 கிராம் நிறையுடையது. முதலாண்டு நிறைவதற்குள் அது இரு மடங்குக்கு மேற் பெருகிவிடுகின்றது. இக்காலத்திலே குழந்தையின் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவிடும் ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்ட பங்கை மூளையே எடுத்துக்கொள்கின்றது. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. நரம்பு நார்களைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புக் கவசம் படிகின்றது. மின்கம்பியைச் சுற்றியுள்ள இறப்பர் உறையைப் போன்ற அக்கவசம் இல்லையேல், நரம்புச் செய்திகள் விரைந்து செல்லமாட்டா.

அம்மயலினை ஆக்கும் கலங்களுக்கு இரும்பு இன்றியமையாதது. நரம்புக் கலங்களிடையே செய்தி கொண்டுசெல்லும் சில இரசாயனப் பொருள்களை ஆக்குவதற்கும் இரும்பு வேண்டும். ஆதலாற்றான், பிறந்து முதலிரண்டு ஆண்டுகளிலே கடுமையான இரும்புக் குறைபாட்டுக்கு ஆளான குழந்தைகளிற் சிலர், பின்னர்க் குருதி தேறிய பின்பும் கற்றலிலும் கவனத்திலும் பின்தங்கி நிற்கின்றனர். மூளைக்கு ஒரு பருவம் உண்டு. விதைக்கும் பருவத்திலே விட்டதை அறுவடைப் பருவத்திலே இட்டு நிரப்புதல் அரிது.

ஆனால் இரும்புக்கு மற்றொரு முகமும் உண்டு. பிடிப்பாரின்றித் திரியும் இரும்பு, உடலில் இயல்பாகத் தோன்றும் ஐதரசன் பரவொட்சைட்டோடு கூடி, மிகக் கொடிய தாக்கமுடைய மூலிகங்களைத் தோற்றுவிக்கும். உயர்தர வகுப்பு மாணவர் பெந்தன் தாக்கம் என்று கற்பது இதுவே. அம்மூலிகங்கள் கலங்களின் மென்சவ்வுகளை எரிப்பது போலச் சிதைக்கின்றன. குறைமாதத்திற் பிறந்த குழந்தைக்கு ஒட்சிசன் குறைந்தாலோ நோய்த்தொற்று உண்டானாலோ, மூளையில் அழற்சி மூளும். கட்டவிழ்ந்த இரும்பும் பெருகும். மயலின் கவசத்தை ஆக்கவேண்டிய இளங்கலங்களே முதற்கண் மடிகின்றன. ஆகவே குழந்தையின் மூளைக்கு இரும்பு வேண்டும். அவ்விரும்பு கட்டுக்குள்ளும் இருத்தல் வேண்டும். இரும்பைப் பற்றிக் கட்டி வைக்கும் இலற்றோபெரினிலே அறிஞர் நாட்டங் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

விலங்குகளிற் செய்த சோதனைகள்

சுவிற்சர்லாந்து நாட்டிலே இலோசான், செனீவா ஆகிய நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவொன்று எலிகளைக் கொண்டு பல சோதனைகளை நடத்தியது. பிறந்து மூன்று நாளான எலிக்குட்டியின் மூளை, குறைமாதத்திற் பிறந்த மனிதக் குழந்தையின் மூளையை ஒத்த வளர்ச்சிநிலையில் உள்ளது. அக்குட்டிகளுக்கு ஒட்சிசனையும் குருதியோட்டத்தையும் குறைத்து மூளையில் ஊறு உண்டாக்கினர். இதிற் கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், மருந்து குட்டிகளுக்கு நேரே கொடுக்கப்படவில்லை. பாலூட்டும் தாயெலிகளின் உணவிலேயே இலற்றோபெரின் சேர்க்கப்பட்டது. அத்தாயரிடம் பாலுண்ட குட்டிகளின் மூளையைக் காந்தப் படக்கருவியாற் பார்த்தபோது, ஊறு குறைந்தும் மயலின் பகுதி நன்கு காக்கப்பட்டும் இருந்தது. 2014 இல் இம்முடிவுகள் வெளியாயின. கருப்பையில் வளர்ச்சி குன்றிப் பிறந்த குட்டிகளிலும், அழற்சியால் ஊறுபட்ட குட்டிகளிலும் இதனையொத்த நன்மை காணப்பட்டது.

சீன நாட்டிலே பன்றிக்குட்டிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியொன்று 2015 இல் வெளிவந்தது. இலற்றோபெரின் மிகுதியாகக் கலந்த பாலை உண்ட குட்டிகள், எட்டுக் கிளைகளையுடைய ஒரு சிக்கல் வழியிலே உணவு இருக்கும் இடத்தை மற்றைக் குட்டிகளினும் விரைவிற் கற்றுக்கொண்டன. நரம்புக் கலங்களின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் அவற்றின் மூளையிற் கூடியிருந்தன.

இவை ஊக்கமளிக்கும் செய்திகளே. எனினும் எலி எலியே, பன்றி பன்றியே. அவற்றிற் கண்டதை மனிதக் குழந்தையின் மேல் ஏற்றிச் சொல்வதற்கு முன்னர், மனிதக் குழந்தைகளிடையே நடந்த ஆய்வுகள் யாது கூறுகின்றன என்று வினவுதல் அறிவுடையோர் கடன்.

மனிதக் குழந்தைகளிற் கண்ட முடிவுகள்

2009 ஆம் ஆண்டு இத்தாலியில் வெளியான ஆய்வொன்று பெரும் நம்பிக்கையை விதைத்தது. பிறக்கும்போது 1500 கிராமுக்குக் குறைவான எடையுடைய 472 குழந்தைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். பசுப்பாலிலிருந்து எடுத்த இலற்றோபெரினைப் பெறாத குழந்தைகளுள் நூற்றுக்குப் பதினெழுவருக்குக் குருதியில் நோய்த்தொற்று உண்டாயிற்று. அதனை மட்டும் பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு அறுவருக்கே அந்நோய் வந்தது. குருதித் தொற்று மூளைக்கும் பகை ஆதலின், இலற்றோபெரின் மூளையையும் காக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

ஆயினும் விஞ்ஞானம் ஒரு சாட்சியை மட்டுங் கேட்டுத் தீர்ப்புக் கூறுவதில்லை. பிரித்தானியாவில் 2203 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய மிகப் பெரிய ஆய்வின் முடிவு 2019 இல் வந்தது. இலற்றோபெரின் பெற்றவருள் நூற்றுக்கு 29 பேருக்கும், பெறாதவருள் 31 பேருக்கும் தொற்று உண்டாயிற்று. இஃது உண்மையான வேறுபாடு எனக் கொள்ளத்தக்கதன்று. அவுத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வும் 2020 இல் அதே முடிவுக்கு வந்தது. பெரு நாட்டிலே 414 குழந்தைகளை இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களின் அறிவு வளர்ச்சியிலும் வேறுபாடு தோன்றவில்லை.

நிறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் பற்றியும் ஒரு செய்தி உண்டு. சீன நாட்டிலே பால்மா உண்ட 451 குழந்தைகளுட் சிலருக்கு இலற்றோபெரினும் பாற்கொழுப்பின் மெல்லுறையும் சேர்த்த பால்மா அளிக்கப்பட்டது. ஒரு வயதிலே அவர்கள் அறிவு, மொழி, இயக்கம் ஆகிய மூன்றிலும் கூடிய புள்ளிகளைப் பெற்றனர். ஒன்றரை வயதிலோ அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இரு பொருள்கள் ஒருங்கே சேர்க்கப்பட்டமையால், முன்பு தோன்றிய நன்மையும் எதனால் வந்தது என்று பிரித்துக் கூறுவதற்கில்லை. மேலும், அங்கே ஒப்பிடப்பட்டவை ஒரு பால்மாவும் இன்னொரு பால்மாவுமே. பால்மா தாய்ப்பாலை வென்றது என்பது அதன் பொருளன்று.

இம்முடிவுகளால் இலற்றோபெரின் பயனற்றது என்று துணிதல் தவறு. அவ்வாய்வுகளிற் சேர்ந்த குறைமாதக் குழந்தைகளுட் பலர் தாய்ப்பாலையும் பெற்றுவந்தனர். அவர்களுக்கு அப்புரதம் முன்னரே கிடைத்துக்கொண்டிருந்தது. அன்றியும், தாய்ப்பாலில் அது தனித்து நிற்பதில்லை. எதிர்ப்புப் புரதங்கள், நொதியங்கள், நற்கிருமிகளை வளர்க்கும் சர்க்கரைகள், மூளைக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் ஆகிய யாவும் அதனோடு கூடி இயங்குகின்றன. வீணையிலிருந்து ஒரு நரம்பை மட்டும் கழற்றிக்கொண்டு போய், அதிலே இராகம் வாசிக்க இயலுமோ? பேணியிற் சேர்த்த தூளால் இதுவரை உறுதிப்படாத ஒன்றைத் தாய்ப்பாலின் பெயராற் கூறி விற்றல் முறையன்று என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

நமது மலைநாட்டு நிலை

இவ்வளவும் தொலைநாடுகளின் கதை. இரும்பும் தாய்மையும் பற்றிய கதை நமது மலைநாட்டில் இன்னும் பழமையானது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து கண்டிச் சீமையின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றவர் பலரின் உடலிலே கொக்கிப் புழுவும் உடன் வந்தது. குடலின் சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சும் அப்புழு, தோட்ட மக்களை வெளிறச் செய்து நலிவித்தது. 1916 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டபோது, அதற்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களே.

இன்று அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. கருவுற்ற தாய்மாருக்குத் தாய்சேய் நல நிலையங்களிலே இரும்பு மாத்திரையும் புழு மருந்தும் வழங்கப்படுகின்றன. 1973 ஆம் ஆண்டு முதல் திரிபோஷ என்னும் சத்துமா தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அளிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் இடைவெளி இன்னும் மூடவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்குப் பதினெழுவர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியிலோ அத்தொகை நூற்றுக்கு முப்பத்திருவர்.

இவ்விடத்தே நமது தேயிலையும் ஒரு பங்கு வகிக்கின்றது. 1867 இல் யேம்சு தெயிலர் கண்டிக்கு அணித்தான லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்ட நாள் முதல், இம்மலைகளின் வாழ்வும் தேயிலையும் பிரிக்க முடியாதன ஆயின. தேயிலையிலுள்ள துவர்ப்பொருள், அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும். தென்னாபிரிக்காவின் தேர்பன் நகருக்கு அணித்தே வாழ்ந்த இந்திய வமிசப் பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1975 இல் வெளிவந்தது. சோற்றுணவோடு தேநீர் அருந்தியபோது, உடல் ஏற்கும் இரும்பின் அளவு மூன்றிலொரு பங்குக்கும் கீழாகக் குறைந்ததென அவர்கள் கண்டனர். காலையில் ரொட்டியோடும் நண்பகலிற் சோற்றோடும் வெறுந்தேநீர் அருந்தும் நமது தாய்மார், தாம் பறித்த கொழுந்தினாலேயே தம் குருதியின் இரும்பை இழக்கின்றனர். தேநீரைக் கைவிடச் சொல்ல வேண்டுவதில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் நன்று. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமை அதனினும் நன்று. உணவிலே தேசிக்காய்ச் சாற்றைச் சேர்த்தால், அதிலுள்ள விற்றமின் இரும்பு ஏறுவதற்குத் துணைபுரியும்.

தாயின் இரும்புக்கும் குழந்தையின் மூளைக்கும் தொடர்பு யாது எனலாம். தாய்ப்பாலில் இரும்பு மிகச் சிறிதளவே உண்டு. அது நன்கு செரித்து ஏறக்கூடியதெனினும், முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை பெரிதும் நம்பி வாழ்வது, கருப்பையிலே தாயிடமிருந்து பெற்றுச் சேர்த்து வைத்த இரும்பையே. அச்சேமிப்பின் பெரும்பகுதி கருவின் கடைசி மூன்று மாதங்களில் நிகழ்கின்றது. பிறந்தவுடன் ஒரு நிமிடமேனும் பொறுத்துத் தொப்புட்கொடியைக் கட்டினால், கொடியிலுள்ள குருதியும் குழந்தையைச் சேர்ந்து அச்சேமிப்பைப் பெருக்கும். இலற்றோபெரின் இருக்கும் இரும்பைக் காக்கும் காவலாளனேயன்றி, இல்லாத இரும்பை உண்டாக்கும் செல்வனல்லன். ஆதலால் ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு மீன், முட்டை, இறைச்சி, பருப்பு, கீரை முதலிய உணவுகளையும் ஊட்டவேண்டும். குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இரும்புத் துளி மருந்தை எப்பொழுது தொடங்குவது என்பதை வைத்தியரே கூறவேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, சீம்பாலை வீணாக்கலாகாது. அதனை அழுக்குப்பால் என்று பீய்ச்சி நிலத்திற் கொட்டிவிட்டு, சர்க்கரை நீரையோ தேனையோ குழந்தையின் நாவில் இடும் வழக்கம் நம்மவரிடையே இருந்ததுண்டு. மாடு வளர்க்கும் குடியானவர் எவரும் ஈன்ற பசுவின் சீம்பாலைக் கன்றுக்கு மறுக்கமாட்டார். மறுத்தால் கன்று தேறாது என்பதை அவர் அறிவார். கன்றுக்கு அறிந்ததைக் குழந்தைக்கு அறியாதிருத்தல் நகைப்புக்குரியதன்றோ? இலற்றோபெரின் மிகச் செறிந்திருப்பது அச்சில தேக்கரண்டிப் பாலிலேதான்.

இரண்டாவது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீரும் வேண்டியதில்லை. இவ்விடயத்தில் இலங்கை பெருமை கொள்ளலாம். முன்குறித்த 2016 ஆம் ஆண்டின் ஆய்விலே, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பத்திருவர் தாய்ப்பாலை மட்டும் உண்டுவந்தனர். வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் உழைப்பு இதற்கு முதற் காரணம். பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிக்கோவை 1981 இல் உருவானபோது, அதனைத் தழுவித் தனக்கெனவும் ஒரு நெறிக்கோவையைக் காலந்தாழ்த்தாது வகுத்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

மூன்றாவது, தாய்க்கு நேரம் வேண்டும். நமது நாட்டிலே மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. அதன்படி கிடைக்கும் விடுமுறை ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம். குழந்தைக்கு வேண்டிய தாய்ப்பாற் காலமோ ஆறு மாதம். இடைப்பட்ட காலத்தைக் கடப்பதற்கெனப் பின்னர் அச்சட்டத்திலே பாலூட்டும் இடைவேளை சேர்க்கப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையையுடைய தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரு முறை இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். சட்டம் இவ்வாறு இருப்பினும், மலையின் உச்சியிற் கொழுந்து பறிப்பவள் அடிவாரத்திலுள்ள பிள்ளை மடுவத்துக்கு இறங்கிப் பாலூட்டி மீண்டும் ஏறுவதற்கு அரை மணி நேரம் போதுமா? கூடையின் நிறை குறையும், கூலியும் குறையும் என்று அஞ்சி இறங்காதிருப்பவள் எத்துணைப் பேர்? ஆய்வுகூடத்தில் எவ்வளவு அரிய புரதம் கண்டறியப்படினும், அது சுரக்கும் மார்புக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையே ஒரு மலைச்சரிவு நிற்குமாயின் யாது பயன்?

நான்காவது, எல்லாத் தாய்க்கும் எல்லா வேளையிலும் பாலூட்ட இயலாது போகலாம். நோயினாலோ பிரிவினாலோ பால்மாவை நாடவேண்டி நேர்ந்த தாயைப் பழித்தல் அறமன்று. வைத்தியர் கூறும் பால்மாவைச் சொன்ன அளவிலே, தூய நீரிற் கரைத்து ஊட்டி வளர்த்த குழந்தைகள் பல்லாயிரவர் அறிவிற் சிறந்து விளங்குகின்றனர். விலை மலிவாக வேண்டும் என்று நீரைக் கூட்டிக் கரைப்பதே பேராபத்து. குறைமாதக் குழந்தை வைத்தியசாலையில் இருக்குமாயின், தாய் தன் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். ஒரு துளியும் வீணன்று.

அன்று கடைவாயிலிற் சந்தித்த மாணவரிடம் நான் கேட்டது ஒன்றே: "தாயிடம் பால் இருக்கிறதா?" "இருக்கிறது, சேர். ஆனால் மூன்றாம் மாதம் முடிந்ததும் அவள் வேலைக்குப் போகவேண்டும்" என்றார். அப்படியாயின் அப்பேணிக்குக் கொடுக்கும் பணத்திலே தாய்க்கு முட்டையும் மீனும் பருப்பும் வாங்கிக் கொடுக்குமாறும், குழந்தையின் எடையைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் தவறாது கேட்குமாறும், பாலூட்டும் இடைவேளை சட்டப்படியான உரிமை என்பதைத் தோட்டத்திலே எடுத்துச் சொல்லுமாறும் கூறினேன். அவர் பேணியைத் தட்டிலே திரும்ப வைத்துவிட்டுச் சென்றார். சில மாதங்களின் பின்னர் அவரை மீண்டும் கண்டபோது, குழந்தை கவிழ்ந்து தவழ முயல்வதாக மகிழ்ந்து கூறினார். பிள்ளை மடுவத்துக்குத் தாம் ஓய்வு நாள்களிற் குழந்தையைத் தூக்கிச் சென்று, தாய் இறங்கிவரும் தொலைவைக் குறைப்பதாகவும் சொன்னார்.

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வைத்தியராகவும், ஆசிரியராகவும், தோட்ட உத்தியோகத்தராகவும், தொழிற்சங்கத்தினராகவும் விளங்குகின்றனர். நாளை நம் வகுப்பறைகளில் அமரப்போகும் பிள்ளைகளின் மூளை, இன்று லயத்து அறைகளிலும் பிள்ளை மடுவங்களிலும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. கல்லூரியின் கட்டடத்தை உயர்த்த நிதி திரட்டும் நாம், அக்கட்டடத்துக்கு வரவிருக்கும் மாணவரின் முதல் ஆயிரம் நாள்களையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒரு தாய்க்குப் பாலூட்டும் அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கித் தர எவர்க்கு இயலுமோ, அவர் ஒரு குழந்தையின் கல்விக்கு அடிக்கல் நாட்டியவராவர்.